சொட்டு மருந்து வேலூரில் ஏன் தடுமாறியது?

குடலின் உட்சுவரில் படிந்திருக்கும் கொழகொழப்பான சளிப்படலம்தான் நோயெதிர்ப்பு மண்டலமும் நுண்ணுயிர்களும் நேருக்கு நேர் சந்திக்கும் எல்லை. பெருங்குடலில் இது இரண்டு அடுக்கு. வெளியடுக்கில் பாக்டீரியாக்கள் குடியிருக்கும்; செல்களை ஒட்டிய உள்ளடுக்கில் அவற்றுக்கு ஏறக்குறைய இடமே இல்லை. சிறுகுடலில் ‘எம்’ செல்கள் கிருமிகளைப் பிடித்து, அடியில் உள்ள பேயர் திட்டுகள் எனும் நோயெதிர்ப்புத் திசுவுக்குள் அனுப்புகின்றன. அங்கே தொடங்கும் வேலையின் பலனாக ஐஜிஏ எதிர்ப்பொருள் சளியில் வந்து கலக்கிறது. கிருமியைக் கொல்வதைவிட, சுவரில் ஒட்டவிடாமல் தடுப்பதே இதன் பாணி. வீக்கமும் புண்ணும் இல்லாமல் காரியம் முடிகிறது, கெட்டிக்கார ஏற்பாடுதான்.

வாய்வழிப் போலியோ சொட்டு மருந்து நம்பியிருப்பது இந்த வழியைத்தான். ஆனால் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான் 1970-களில் ஆராய்ந்தபோது, மூன்று தவணை பெற்ற குழந்தைகள் பலருக்கும் போதிய எதிர்ப்பொருள் உருவாகவில்லை. பணக்கார நாடுகளில் அதே மூன்று தவணை போதுமானதாக இருந்தது. குடலில் ஏற்கெனவே பெருகியிருக்கும் பிற வைரஸ்கள் மருந்திலுள்ள வைரஸுக்கு இடம் விடுவதில்லை என்பது ஒரு காரணம். நெரிசல் பேருந்தில் கடைசியாக ஏறியவர் நிலைதான் அதற்கு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளும் தன் பங்குக்குத் தடுக்கிறது.

தீர்வு, தவணைகளைக் கூட்டுவது. அப்படிக் கூட்டிக் கொடுத்துவந்த பிறகு, இயற்கையாகப் பரவும் காட்டு வகைப் போலியோ இந்தியாவில் கடைசியாகப் பதிவானது 2011 ஜனவரியில், ஹவுராவில்.