மலைச்சரிவில் மருத்துவம்: ஊவாத் தோட்டங்கள் உணர்த்தும் பாடம்

மருத்துவம் என்றவுடன் மருத்துவமனையும் கட்டிலும் வைத்தியரும் மருந்துப் புட்டிகளும் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பு. ஆயின் திருவள்ளுவர், 'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துரைத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து துணைசெய்வோன் என்பன அந்நான்கு. இவற்றுள் நான்காமவன் பெரும்பாலும் கதவோரத்தில் நிற்பவனாகவே கருதப்படுகின்றான். செங்குத்தான மலையிலோ அடர்ந்த காட்டிலோ ஒருவர் திடீரென வீழ்ந்தால் நிலைமை மாறிவிடுகின்றது. வைத்தியரும் மருந்தும் பல மைல்களுக்கு அப்பால். அவ்விடத்தில் உள்ளவர்கள் நோயாளியும் அருகில் நிற்பவருமே. அப்பொழுது நான்காமவனே முதல்வனாகின்றான்.

இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு வளர்ந்ததே வனப்புற மருத்துவம் என்னும் பிரிவு. இமயமலை ஏறுவோரைக் காக்க நேபாளத்தில் 1973 ஆம் ஆண்டில் ஒரு மீட்புச் சங்கம் தோன்றியது. அமெரிக்காவில் 1983 ஆம் ஆண்டில் இத்துறைக்கென மருத்துவர் சங்கம் ஒன்று நிறுவப்பெற்றது. நோய் யாது என்பதோடு இத்துறை அமைவதில்லை; மருத்துவமனை எத்துணைத் தொலைவு, வானிலை எத்தகையது, கையில் உள்ள பொருள்கள் யாவை, நோயாளியை எவ்வாறு இறக்குவது என்பனவும் அதன் வினாக்கள். மேலைநாடுகளில் இக்கல்வி பெரும்பாலும் விருப்பத்தால் மலையேறுவோரை நோக்கியது. ஊவா மாகாணத்தின் தேயிலைத் தோட்டங்களிலோ, கூலிக்காக நாள்தோறும் மலையேறுவோர் ஆயிரக்கணக்கில் உளர். இக்கல்வி அவர்களுக்கே முதலில் உரியது.

நிலமும் தொலைவும்

பதுளை நகர் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் உளது. ஹப்புத்தளையோ 1,400 மீற்றருக்கும் மேற்பட்டது. நமுனுகுல மலையின் முடி 2,000 மீற்றரைத் தாண்டி நிற்கின்றது. புகைவண்டி பண்டாரவளையை அடைந்தது 1894 இல். பதுளையை அடைந்தது 1924 இல். பசறை, மடுல்சீமை, லுணுகலை, கொஸ்லாந்தை ஆகிய பகுதிகளின் தோட்டங்களுக்கு இன்றும் வளைந்தேறும் வீதிகளே துணை. வரைபடத்தில் சில மைல்களாகத் தோன்றும் தூரம் மழைக்காலத்தில் மணிக்கணக்காக நீள்வதுண்டு. அன்றியும், வீதி முடியுமிடத்தில் தொலைவு முடிவதில்லை. கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து வீதிவரை ஒருவரைச் சுமந்திறக்க வேண்டும். மருத்துவமனைக் கணக்கேடுகளில் இடம்பெறாத தூரம் அது.

தோட்டத் தொழிலாளரின் உடல்நலத்தைச் சட்டம் கவனியாமல் விட்டதில்லை. கோப்பிக் காலத்திலேயே, 1872 ஆம் ஆண்டில், மருத்துவத் தேவைகள் பற்றிய கட்டளைச் சட்டம் இயற்றப்பெற்றுத் தோட்டப் பகுதிகளில் மருத்துவ அலுவலரும் மருத்துவமனைகளும் அமைய வழிசெய்தது. 1912 இல் அச்சட்டம் புதுக்கப்பட்டது. 1916 இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையுடன் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் இலங்கைத் தோட்டங்களில் தொடங்கியது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. 1990களில் தோட்ட மருத்துவமனைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கிற்று. இவை யாவும் நன்மை பயந்தவையே. எனினும் இவை அனைத்தும் வீதியின் முடிவிலுள்ள கட்டடத்தைப் பற்றியவை. மலையில் ஒருவர் வீழ்ந்த முதல் ஒரு மணி நேரம் எவருடைய பொறுப்பு என்ற வினாவுக்கு அவை விடை கூறவில்லை.

மின்னல்

பதுளையில் உதவி அரசாங்க அதிபராக விளங்கி, ஊவாவில் வீதிகள் அமைத்துப் புகழ்பெற்றவர் மேஜர் றொஜர்ஸ். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப் பேசப்படும் அவர், 1845 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். பதுளையிலுள்ள புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாக எழுந்ததே. அதிகாரமும் துப்பாக்கியும் மலையின் வானிலைக்குமுன் பயனற்றன என்பதற்கு அவர் முடிவு சான்றாகும்.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் தொட்டவரையும் மின்சாரம் தாக்கும் என்று அஞ்சி விலகி நிற்போர் இன்றும் உளர். இது தவறு. அவ்வுடலில் மின்சாரம் தங்குவதில்லை. உடனே தொட்டு உதவலாம். மின்னலால் இதயம் ஒரு கணம் நின்று, பின் தானே துடிக்கத் தொடங்குதல் உண்டு. ஆனால் மூச்சை இயக்கும் மூளைப்பகுதி அவ்வளவு விரைவில் தெளிவதில்லை. மூச்சின்மையால் இதயம் மீண்டும் நின்றுவிடுகின்றது. ஆகவே உடனே வாயோடு வாய்வைத்து மூச்சூட்டலும், மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தலும் உயிரை மீட்கக்கூடும். பலர் ஒருங்கே தாக்கப்பட்டால், இறந்தவர்போற் கிடப்பவரையே முதலிற் கவனித்தல் வேண்டும். முனகுவோரும் அசைவோரும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வர். ஏனைய விபத்துகளில் கைக்கொள்ளும் முறைக்கு இது நேர்மாறானது.

குளவியும் பெருந்தேனீயும்

மலையகச் செய்திகளில் 'குளவிக் கொட்டு' அடிக்கடி இடம்பெறுகின்றது. மக்கள் குளவி என்று சொல்வனவற்றுள், சிங்களத்திற் 'பம்பரா' எனப்படும் பெருந்தேனீயும் அடங்கும். உயர்ந்த மரக்கிளைகளிலும் பாறை முகடுகளிலும் அது திறந்த அடையாகக் கூடு கட்டும். ஒரு தேனீ கொட்டியவுடன் அதன் கொடுக்கிலிருந்து எழும் மணம் ஏனையவற்றைப் போருக்கழைக்கின்றது. ஆகவே நின்று அடித்து விரட்ட முயல்வது மேலும் கொட்டுகளையே வரவழைக்கும். முகத்தை மூடிக்கொண்டு விரைந்து அகன்று கதவடைத்த கட்டடத்துட் புகுவதே வழி. தேனீ தன் கொடுக்கைத் தோலில் விட்டுச் செல்வதால், நகத்தாலேனும் அதனை உடனே அகற்றுதல் வேண்டும். எவ்வாறு அகற்றுவது என்பதினும் எவ்வளவு விரைவில் என்பதே முக்கியம்.

இதனால் வரும் ஆபத்து இருவகைப்படும். ஒவ்வாமை உடையவருக்கு ஒரே கொட்டும் போதும்; தோல் தடித்து, தொண்டை வீங்கி, மூச்சு இழுத்து, நாடி தளர்ந்து அரை மணி நேரத்துக்குள் உயிர் பிரியக்கூடும். இதற்குரிய மருந்து அட்ரினலின் ஒன்றே. வளர்ந்தோருக்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில் ஊசியாக ஏற்றப்படுகின்றது. ஒவ்வாமை மாத்திரைகள் அதற்கு ஈடாகா. அம்மருந்து மருந்தக அலுமாரியில் இருந்து, கொட்டுண்டவர் மலையில் இருப்பாராயின் பயன் யாது? பயிற்சி பெற்ற ஒருவர் கையில், வேலைத்தலத்துக்கு அண்மையில் அது இருக்க வேண்டும்.

இத்தகையவரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துதல் வேண்டும். மூச்சுத் திணறினால் அமரவைக்கலாம். திடீரென எழுப்பி நிற்கவைத்தல் மட்டும் கூடாது. நாடி தளர்ந்த நிலையில் நிமிரும்போது இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைந்து உயிர் பிரிதல் உண்டு. இருவர் தோள்கொடுத்து நடத்தியே கீழிறக்கும் வழக்கம் அன்பினால் எழுந்தது, எனினும் ஆபத்தானது. இரண்டாவது ஆபத்து, நூற்றுக்கணக்கான கொட்டுகளின் நஞ்சினால் வருவது. தசை சிதைந்து சிறுநீரகம் சில நாள்களிற் பழுதடையலாம். ஆதலால் முதல்நாள் நலமாகத் தோன்றினாலும் மருத்துவமனையிற் கண்காணிப்பு இன்றியமையாதது.

பாம்புக்கடி

இலங்கை மருத்துவமனைகளிற் பயன்படும் பாம்பு விஷமுறி பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருவது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கெதிராக அது ஆக்கப்படுகின்றது. தேயிலைச் செடியின் அடியிலும் சருகிலும் பதுங்கியிருப்பதோ பெரும்பாலும் வேறொரு பாம்பு. மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த, சிங்களத்தில் 'குணகட்டுவா' எனப்படும் சிறு விரியன் அது. இலங்கையில் மிகுதியான கடிகளுக்கு அதுவே காரணம். அதற்கெதிராக அந்த விஷமுறி பயன்படுவதில்லை. முன்னர் அற்பமெனக் கருதப்பட்ட அக்கடி, சிலருக்குக் குருதி உறையாமையையும் சிறுநீரகப் பழுதையும் விளைவிப்பது இன்று அறியப்பட்டுள்ளது.

எனவே மலையிற் செய்யத்தக்கது சிலவே. நோயாளியை அமைதிப்படுத்தி, மோதிரம் வளையல்களைக் கழற்றி, கடியுண்ட உறுப்பை ஒடிந்த எலும்புக்குப்போல் சிம்பு வைத்து அசையாது நிறுத்தி, சுமந்திறக்க வேண்டும். இறுகக் கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல் ஆகிய மூன்றும் விலக்கத்தக்கன. இறுகக் கட்டிய உறுப்பு குருதியோட்டமின்றி அழுகுதலும் உண்டு. பாம்பைத் தேடி அடித்துக் கொணர முனைவதால் இரண்டாவது கடியே விளையும். மருத்துவமனையில் சிறிது குருதியைத் தூய கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து, அது உறைகின்றதா எனப் பார்த்தே நஞ்சின் போக்கை அறியலாம். விஷமுறியே கடும் ஒவ்வாமையைத் தோற்றுவிக்கக் கூடுமாதலின், அது மலையில் வைத்து ஏற்றத்தக்க மருந்தன்று.

குளிரும் ஈரமும்

வெப்ப நாட்டில் குளிரால் உயிருக்கு ஆபத்து நேருமோ என ஐயுறலாம். ஒவ்வோர் 1,000 மீற்றர் உயர்வுக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை குறைகின்றது. நனைந்த உடலிலிருந்து வெப்பம் நீங்கும் வேகம் உலர்ந்த உடலினும் பன்மடங்கு அதிகம். மழையில் நனைந்து, பசித்து, காற்றுவீசும் முகட்டில் நெடுநேரம் நிற்பவருக்கு முதலில் நடுக்கம் தோன்றும், பின்னர் பேச்சுக் குழறும், நடை தள்ளாடும். நடுக்கம் நின்றுவிட்டால் அது நலம் அன்று. உடல் தோற்றுவிட்டதன் அறிகுறி. ஈர உடையைக் களைந்து, தலை உட்பட உலர்ந்த கம்பளியாற் போர்த்து, நினைவுள்ளவராயின் இனிப்பான சூடான தேநீர் கொடுத்தல் நன்று. சாராயம் உடலுக்குச் சூடு தரும் என்பது மயக்கமே. அது தோலின் குருதிக் குழாய்களை விரித்து, எஞ்சிய வெப்பத்தையும் வெளியேற்றும்.

மண்சரிவு

கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாட் காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும் மக்கள் அங்கேயே வாழ்ந்து வந்தனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொணர்ந்த பெருமழையில் பதுளை மாவட்டம் மீண்டும் சரிவுகளைக் கண்டது, வீதிகள் துண்டிக்கப்பட்டன. நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கிவரும் ஊற்று ஆகியன சரிவின் முன்னறிகுறிகள். இவற்றைக் கண்டவுடன் இடம்பெயர்தலே தலைசிறந்த மருத்துவம்.

இடிபாட்டில் நெடுநேரம் நசுங்கிக் கிடந்தவர், மீட்கப்பட்டபின் திடீரென இறத்தல் உண்டு. நசுங்கிய தசையிலிருந்து வெளிப்படும் பொருள்கள் இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்குவதே காரணம். இலண்டன் நகர் மீது குண்டுகள் வீசப்பட்ட காலத்தில், 1941 இல், இந்நோய் விரிவாக விளக்கப்பெற்றது. கூடுமாயின் பளுவை அகற்றுமுன்னரே நாளத்தின் வழியாக உப்புநீர் ஏற்றத் தொடங்குவதே இதற்குப் பரிகாரம். எனவே மீட்புக்குழுவில் மண்வெட்டியோடு மருத்துவரும் செல்லுதல் வேண்டும்.

சுமந்திறக்கும் கலை

1990 என்னும் இலக்கத்தில் அழைக்கத்தக்க அவசர ஊர்திச் சேவை, 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின் நாடெங்கும் பரந்தது. அது பெரும் பேறு. ஆயினும் ஊர்தி வீதிவரையே வரும். அதற்கு மேலுள்ள தூரத்தைக் கடப்பதற்கு வேண்டிய பொருள்கள் தோட்டத்திலேயே உள. இரு சாக்குகளின் அடிமூலைகளை வெட்டி, இரண்டு வலிய கம்புகளை அவற்றினூடே செலுத்தினால் தூக்குப் படுக்கை ஆயத்தம். முதலில் நலமுள்ள ஒருவரை அதில் ஏற்றி வலிமையைச் சோதித்தல் வேண்டும். இறக்கத்தில் நோயாளியின் கால்கள் முன்னே செல்ல, தலைப்புறம் தாழாதவாறு சுமத்தல் முறை. ஆறுபேர் மாறி மாறிச் சுமந்தால் களைப்பும் இடறலும் குறையும்.

மேற்கூறியவற்றுள் அட்ரினலின் ஊசியும் உப்புநீரும் தவிர ஏனையவற்றுக்குப் பணமோ பட்டமோ வேண்டியதில்லை. ஒவ்வொன்றையும் ஒருமுறை விளக்கிக் காட்டினால் பத்து வயதுச் சிறுவனும் விளங்கிக்கொள்வான். காலையிற் பெயர் பதியும் பிரட்டுக்களத்தில், மாதத்துக்கொருமுறை கால்மணி நேரம் இதற்கென ஒதுக்குதல் அரிதன்று. தோட்டப் பாடசாலைகளில் நலவியற் பாடத்தோடு இதனை இணைத்தலும் எளிது. நல்ல மருத்துவமனையைக் கேட்பது தொழிலாளரின் உரிமை, அக்கோரிக்கை ஓயக்கூடாது. ஆயின் மருத்துவமனையின் வாயிலை உயிருடன் அடைந்தவருக்கே அது பயன்படும். அவரை அவ்வாயில்வரை கொணர்வது வள்ளுவர் நான்காவதாக எண்ணிய அத்துணைவரின் கடமை. ஊவா மலைகளில் அத்துணைவர், பக்கத்து நிரையிற் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் பெண்ணே. அவளுக்கு இவ்வறிவைக் கொடுத்தல் கற்றோர்மேல் நிற்கும் கடன்.