அடியில பேர் இல்லாத ஜாடி

ராயப்பேட்டை மணிக்கூண்டு பக்கம் ஒரு பழைய சாமான் கடையில, மேல பிரவுன், கீழ கிரீம் கலர்ல ஒரு ஊறுகாய் ஜாடி கிடந்தது. "நூறு வருஷப் பழசு தம்பி, வெள்ளைக்காரன் காலத்துது" என்றார் கடைக்காரர். 600 ரூபாய் கேட்டார், 300-க்கு வாங்கினேன். வித்து காசு பார்க்கலாம்னு வாங்கினதுதான், ஒத்துக்கறேன். வீட்டுக்கு வந்து கவிழ்த்துப் பார்த்தால் முத்திரை, ஊர்ப் பேர், நம்பர், எதுவுமே இல்லை.

பேர் இல்லாததை அடையாளம் காண்பது ஒண்ணும் புதுசு இல்லை. 1944-ல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர், நம்ம எழும்பூர் மியூசியத்தில் ஒரு அலமாரியில் கிடந்த உடைஞ்ச ஜாடியோட கழுத்தையும் கைப்பிடியையும் பார்த்தே அது ரோமானிய ஆம்போரா என்று சொல்லிட்டார். புதுச்சேரி பக்கம் அரிக்கமேட்டில் கிடைச்ச துண்டு அது. அடுத்த வருஷமே அங்கே போய்த் தோண்டினார்.

நமக்கு அந்த அளவு கண் கிடையாது. அதனால அடியிலிருந்து ஆரம்பிக்கலாம். கீழே கிளேஸ் படாத ஒரு வளையம் இருக்கும். அதில் ஒரு சொட்டு தண்ணி விடுங்க. உடனே உறிஞ்சினால் குறைஞ்ச சூட்டில் சுட்ட மண். அப்படியே நின்றால், சுமார் 1200 டிகிரி செல்சியஸில் சுட்டு உள்ளே இருக்கிற துளையெல்லாம் மூடிப்போன ஸ்டோன்வேர். என் ஜாடியில் சொட்டு நின்றது. சந்தோஷம்.

அடுத்து உள்ளே கை விட்டுத் தடவுங்க. விரல் பதிஞ்ச வளையங்கள் தட்டுப்பட்டால் சக்கரத்தில் வனைஞ்சது. வெளியே நேர்க்கோடா ஒரு தழும்பு ஓடினால் அச்சில் செஞ்சது. இது வயசைச் சொல்லாது, சக்கரம் இன்னைக்கும் சுத்துது. வயசுக்குத் தேய்மானத்தைப் பார்க்கணும். பல வருஷம் தரையில் இழுபட்ட அடி வழவழன்னு இருக்கும், கீறல் எல்லாத் திசையிலும் போகும். எல்லாக் கீறலும் ஒரே திசையில் இருந்தால் யாரோ உப்புத்தாள் போட்டிருக்காங்க.

கிளேஸில் சிலந்தி வலை மாதிரி விரிசல் இருந்தால் உடனே "ஆன்டிக்" என்பாங்க. நம்பாதீங்க. நாம படிச்ச வெப்ப விரிவுதான் அது. ஆறும்போது மண்ணை விட கிளேஸ் அதிகமா சுருங்கப் பார்த்தால் இழுவிசையில் விரிசல் விடும். சூளையிலிருந்து எடுத்த அன்னைக்கே கூட வரலாம்.

கடைசியா விரலால் சுண்டினேன். கணீர்னு கேட்கணும், மந்தமா கேட்டது. யூவி டார்ச் அடிச்சால் வாய்ப்பக்கம் ஒரு கோடு மட்டும் வேற நிறத்தில் மின்னுது. எபாக்ஸி வச்சு ஒட்டியிருக்காங்க! கடைக்காரருக்கே தெரியாமலும் இருந்திருக்கலாம்.

விலைக்கு வருவோம். ஆன்லைனில் தெரிவது கேட்கிற விலை, வித்த விலை இல்லை. பேர் இல்லாத ஜாடிக்கு அளவு, விரிசல், அதோட சொந்த மூடி இருக்கா என்பதெல்லாம்தான் விலை. ராணிப்பேட்டைச் சரக்கா, உத்தரப்பிரதேசத்து குர்ஜாவா என்று கலரை மட்டும் வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. "ராணிப்பேட்டைப் பழசு" என்று கூடுதலா கேட்டால் கொடுக்காதீங்க.

அம்மா அதில் மாவடு போடலாம்னு பார்த்தாங்க, வேண்டாம்னுட்டேன். சில பழைய கிளேஸில் ஈயம் இருக்கும், உப்பும் புளிப்பும் அதை இழுத்துடும். பார்த்துக் கண்டுபிடிக்க வழி இல்லை, லேப்பில்தான் தெரியும்.

இப்போ விக்கப் போட்டிருக்கேன்: "வாயில் விரிசல், ஒட்டியது. வயசு தெரியாது. ஊறுகாய்க்கு ஆகாது. 200 ரூபாய்." மூணு வாரமாச்சு, ஒருத்தரும் கேட்கலை.