உறைந்த அம்மோனியாவும் புரோட்டானின் சுழற்சியும்

புரோட்டானின் தற்சுழற்சி அரை. அதற்குள் இருக்கும் மூன்று குவார்க்குகளுக்கும் தலைக்கு அரை. இரண்டு ஒரு பக்கமும் ஒன்று எதிர்ப்பக்கமும் சுழன்றால் கணக்கு நேராகிவிடும். வெகுகாலம் ஏறக்குறைய இப்படித்தான் நம்பினார்கள். ஆனால் குவார்க்கைத் தனியே பிரித்தெடுக்க வழியில்லை. அது எந்தப் பக்கம் சுழல்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் ஐரோப்பிய மியுவான் குழு 1980களில் இதற்கு மியுவான் என்னும் துகள்களின் கற்றையைப் பயன்படுத்தியது. பையான் என்னும் துகள் சிதைந்து பிறக்கும் மியுவான்களின் சுழற்சி இயல்பாகவே ஒழுங்குபட்டிருக்கும். மியுவான் புரோட்டானைத் தாக்கும்போது இடையே ஓர் ஒளித்துகள் பாய்கிறது. அதன் சுழற்சி ஒன்று. குவார்க்கும் அதே பக்கம் சுழன்றால் கூட்டுத்தொகை ஒன்றரை ஆகிவிடும். அரை மட்டுமே கொள்ளும் குவார்க்கால் அந்த ஒளித்துகளை விழுங்க முடியாது. எதிர்ப்பக்கம் சுழன்றால் மிஞ்சுவது அரை, விழுங்கிவிடும். ஆகவே புரோட்டானின் சுழற்சித் திசையை மாற்றி மாற்றி வைத்து, சிதறிவரும் மியுவான்களை எண்ணினால் போதும். இரண்டு எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசம் குவார்க்கின் சுழற்சியைச் சொல்லிவிடும்.

அந்த வித்தியாசம் மிகச் சிறியது என்பதுதான் சிக்கல். இலக்காக வைத்தது உறைந்த அம்மோனியா. தனிச்சுழி வெப்பநிலைக்கு ஒரு டிகிரிக்குள் குளிர்வித்து, வலுவான காந்தப்புலத்தில் மைக்ரோ அலை பாய்ச்சி, ஹைட்ரஜன் புரோட்டான்களின் சுழற்சியை ஒரே திசையில் திருப்பினார்கள். அம்மோனியா மூலக்கூறின் அணுக்கருக்களில் உள்ள 17 துகள்களில் இப்படிப் பயன்படுபவை 3 மட்டுமே. மற்றவற்றில் பட்டுச் சிதறும் மியுவான்களும் கணக்கில் கலந்து வித்தியாசத்தை மழுங்கடிக்கும். கற்றையின் வலிமையோ நேரத்துக்கு நேரம் மாறும். அதனால் இலக்கை ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பாதிகளாக வைத்து, எதிரெதிர்த் திசையில் திருப்பினார்கள். ஒரே கற்றை இரண்டையும் கடந்ததால் அதன் ஏற்றத்தாழ்வு இரண்டுக்கும் பொதுவாகிவிட்டது. முன்பாதியையும் பின்பாதியையும் கருவி ஒரே கோணத்தில் பார்ப்பதில்லை. அந்தப் பிழையைக் கழிக்க இடையிடையே திசைகளை இடம்மாற்றினார்கள். இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1988இல் முடிவு வெளியானது. புரோட்டானின் சுழற்சியில் குவார்க் சுழற்சிகளின் பங்கு மிகக் குறைவு. பிழை வரம்புக்குள் பூஜ்யமாகக்கூட இருக்கலாம். இயற்பியலர்கள் அதைச் ‘சுழற்சி நெருக்கடி’ என்றே அழைத்தார்கள். பின்னர் ஹாம்பர்க்கில் ஹெர்மிஸ், செர்னிலேயே காம்பஸ் ஆகிய சோதனைகள் இன்னும் துல்லியமாக அளந்தன. இன்றைய மதிப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு. மீதி, குவார்க்குகளைப் பிணைக்கும் குளுவான்களின் சுழற்சியிலும், இவையெல்லாம் உள்ளே சுற்றிவரும் இயக்கத்திலும் இருக்க வேண்டும். அமெரிக்காவின் புரூக்ஹேவனில் புரோட்டான்களையே ஒன்றோடொன்று மோதவிட்டபோது, குளுவான்களுக்கும் கணிசமான பங்கு உண்டு என்பதற்குச் சான்று கிடைத்தது. சுற்றிவரும் இயக்கத்தின் பங்குதான் இன்னும் சரிவரப் பிடிபடவில்லை. சுழற்சி ஒழுங்குபட்ட எலக்ட்ரானையும் புரோட்டானையும் மோதவிடும் புதிய முடுக்கியை அதே புரூக்ஹேவனில் திட்டமிட்டிருப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு முக்கியக் காரணம்.