வெள்ள நட்டஈடும் பகிரங்கப் பட்டியலும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்பர். அங்கே போரதீவுப்பற்றில் உள்ள பழுகாமம் வயலை நம்பி வாழும் ஊர். வடகீழ்ப் பருவமழையைக் கொண்டே பெரும்போக வேளாண்மை நடைபெறுகின்றது. பயிருக்கு உயிரளிக்கும் அம்மழையே அளவு மிஞ்சும்போது பயிரை அழித்தும் விடுகின்றது. குளங்கள் வான்பாய, வாவியும் நிரம்பி, முகத்துவாரத்தை மணல்மேடு அடைத்திருக்குமாயின், நீர் கடலுக்கு வடியாது வயல்களிலே தங்கிவிடும். 1957 டிசம்பரிலும், 2011 ஜனவரி, பெப்ரவரி மாதங்களிலும், 2024 நவம்பரிலும் மட்டக்களப்புப் பகுதி இத்துன்பத்தைக் கண்டது.

இவ்வாறு பயிரிழந்த கமக்காரர் தம் நட்டத்தைக் கமநல சேவை நிலையத்தில் அறிவிக்கின்றார். உத்தியோகத்தர் வயலைப் பார்வையிட்டு அழிவை மதிப்பிடுவர். அம்மதிப்பீட்டின்படி நட்டஈடு வழங்கப்படும். 2024 ஆம் ஆண்டு வெள்ளத்தின் பின், முற்றாக அழிந்த நெல்வயலுக்கு ஏக்கருக்கு அதிகபட்சம் ரூபா 40,000 என்று அரசாங்கம் அறிவித்தது.

தொகை எவ்வளவாயினும், அது உரியவரைச் சேர்வது பட்டியலைப் பொறுத்தது. பதிவேட்டில் காணிக்காரர் பெயர் இருக்கலாம். கடன்பட்டு விதைத்தவரோ குத்தகைக்காரராக இருக்கலாம். மூன்று ஏக்கர் அழிந்த ஒருவருக்கு ஒன்றரை ஏக்கர் என்று பதிவாகுமாயின், அவர் ரூபா 60,000 வரை இழக்க நேரும். விதைக்கும் உரத்திற்கும் பட்ட கடன் அதனாற் குறையாது. இத்தகைய பிழை கோவைக்குள் மறைந்திருக்கும்வரை எவராலும் திருத்த இயலாது.

இதற்குச் சட்டத்தின் துணை உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இலங்கைப் பிரசை எவரும் அரச அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்கலாம், காரணம் கூறவேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாய்மொழியாகவும் கேட்கலாம். பதினான்கு வேலைநாட்களுக்குள் முடிவு அறிவிக்கப்படல் வேண்டும். மறுக்கப்படின் மேன்முறையீடு செய்யலாம். இறுதியில் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவை நாடலாம்.

ஒருவர் பெற்ற பணத்தை ஊரறியச் செய்வது முறையாகுமா என்ற ஐயம் எழுதல் இயல்பு. ஐரோப்பாவிலும் இவ்வினா எழுந்தது. அங்கு விவசாய உதவி பெற்றோர் பெயர்கள் யாவும் வெளியிடப்பட்டபோது, 2010 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அவ்விதியைத் தனிமனிதரைப் பொறுத்தமட்டிற் செல்லாதென்று தீர்த்தது. பின்னர் 2013 இல் இயற்றப்பட்ட விதி, சிறுதொகை பெறுவோர் பெயரை மறைத்து, ஏனையோர் விபரத்தை வெளியிட்டது. அந்தரங்கமும் பொதுக்கணக்கும் இணங்க வழியுண்டு என்பதே இதனாற் பெறப்படுகின்றது. வங்கிக் கணக்கிலக்கமும் அடையாள அட்டை இலக்கமும் ஊருக்கு வேண்டியதில்லை. எந்த வட்டையில், எவர் செய்த வயலில், எத்தனை ஏக்கர் அழிந்தது என்பதே வேண்டியது.

அவ்விபரம் ஊரிலுள்ள அயல்வயற்காரர் யாவரும் நேரிற் கண்டதே. ஆதலால், பணம் கொடுபடுமுன் பட்டியலைப் பொதுவிடத்தில் ஒட்டி, ஆட்சேபம் தெரிவிக்கச் சில நாள் தவணை அளித்தல் நன்று. கொடுத்தபின் காணும் பிழை வழக்காக வளரும். கொடுக்குமுன் காணும் பிழையைத் திருத்த ஒரு பேனாக் கோடு போதும்.