காதினுள் அணியும் சிறு கருவி: உபயோகமும் பராமரிப்பும்

செவிப்புலன் குறைந்தவர் ஒருவருக்குக் காது கேட்கும் கருவி கிடைக்கச் செய்வது பெரும் உதவியாகும். ஆயினும் கருவி கைக்கு வந்துவிட்டதனாலேயே கேட்கும் திறன் வந்துவிடுவதில்லை. கருவி பெற்ற சில மாதங்களுக்குள் அதைப் பெட்டியிலோ அலமாரியிலோ வைத்து மறந்துவிடுவோர் பலர். “மிஷின் கெட்டுவிட்டது” என்று ஒதுக்கப்பட்ட கருவியை எடுத்துப் பார்த்தால், அதன் பாட்டரி தீர்ந்திருப்பதையோ, ஒலி வெளிவரும் துளையைக் குறும்பி அடைத்திருப்பதையோ காண்பது அரிதன்று. சில நிமிஷங்களில் நீக்கக்கூடிய தடை ஒன்றினால் ஒரு முதியவர் மீண்டும் குடும்பத்தின் பேச்சிலிருந்து விலகிப் போகிறார். ஒரு மாணவன் வகுப்பில் பேசாமடந்தையாகிறான்.

உலகில் 43 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் செவிக்குறைவின் காரணமாக மறுவாழ்வுச் சேவை தேவைப்படுகிறது என்று 2021-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. நமது நாட்டில் 1981 முதல் நடைபெற்றுவரும் மத்திய அரசுத் திட்டத்தின் வாயிலாகவும், பிற வழிகளிலும் கருவிகள் வழங்கப்படுகின்றன. அவை பயன்படும் நிலையிலேயே இருந்துவரப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் கள ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் முக்கியமான பங்குண்டு. காதினுள் அணியும் சிறு கருவியைப் பற்றி இங்கே கூறப்படுவனவற்றுள் பெரும்பாலானவை காதின் பின்புறம் அணியும் கருவிக்கும் பொருந்தும்.

கருவியின் அமைப்பு

காது கேட்கும் கருவியில் நான்கு முக்கிய உறுப்புகள் உள்ளன. ஒலிவாங்கி வெளி ஒலியை மின்சார அலையாக மாற்றுகிறது. பெருக்கி அதனை வலுப்படுத்துகிறது. ஒலிப்பான் அதை மீண்டும் ஒலியாக்கிச் செவித்துளையினுள் செலுத்துகிறது. இவை மூன்றும் இயங்குவதற்கு வேண்டிய மின்சாரத்தைப் பாட்டரி தருகிறது.

ஒரு காலத்தில் வால்வுகளைக் கொண்ட கருவியைச் சட்டைப்பையில் சுமக்க வேண்டியிருந்தது. 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்ஸிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. பொதுமக்கள் வாங்கி உபயோகிக்கும் பொருள்களுள் அது முதன்முதலாக இடம்பெற்றவற்றில் ஒன்று காது கேட்கும் கருவியே. 1952-53-இல் அத்தகைய கருவிகள் வெளிவந்தன. அதன் பின்னர் உறுப்புகள் யாவும் சுருங்கிச் சுருங்கி, இன்று ஒரு கொண்டைக்கடலை அளவுள்ள கூட்டினுள் அடங்கிவிட்டன. இன்றைய கருவிகள் ஒலியை எண்களாக மாற்றிக் கணக்கிட்டு, அணிபவரின் குறைவுக்கு ஏற்றவாறு, தேவையான ஒலிகளை மட்டும் தேவையான அளவு பெருக்குகின்றன. ஆகவே ஒருவருக்கென்று அமைத்த கருவியை மற்றொருவர் உபயோகிக்கலாகாது.

கண்ணாடி அணிந்தவுடன் பார்வை தெளிவதுபோல, கருவி அணிந்தவுடன் செவிப்புலன் முற்றும் சீராகிவிடும் என்று எதிர்பார்த்தல் தவறு. உட்செவியிலுள்ள நுண்மயிர் அணுக்கள் ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றுகின்றன. மனிதரிடம் இவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. மூப்பினால் செவி குறையும்போது உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளே முதலில் மங்குகின்றன. உயிரொலிகள் கேட்கும், மெய்யொலிகள் மயங்கும். குரல் காதில் விழுந்தாலும் ‘பட்டு’ என்றார்களா, ‘பத்து’ என்றார்களா என்பது விளங்காது. கருவி இம்மயக்கத்தைப் பெரிதும் குறைக்கும். எஞ்சியுள்ள திறனைப் பயன்படுத்த உதவும். அழிந்ததைத் திருப்பித் தராது.

யாருக்கு ஏற்றது

காதினுள் அணியும் கருவி எல்லோருக்கும் ஏற்றதன்று. மிகக் கடுமையான குறைவுள்ளவர்களுக்கு அதன் ஆற்றல் போதாமற் போகலாம். சிறு குழந்தைகளின் செவித்துளை வளர்ந்துகொண்டே இருப்பதால், கூடு விரைவில் தளர்ந்துவிடும். அவர்களுக்குக் காதின் பின்புறம் அணியும் கருவியும், அவ்வப்போது மாற்றத்தக்க மென்மையான காதச்சும் பொருத்தமானவை. விரல்கள் நடுங்கும் முதியவர்களும், பார்வை குன்றியவர்களும் மிகச் சிறிய பாட்டரியைக் கையாள முடியாமல் திண்டாடுவர். கண்ணுக்குத் தெரியாதது என்பதற்காக மட்டும் மிகச் சிறிய கருவியைத் தேர்ந்தெடுப்பது விவேகமாகாது.

காதில் சீழ் வடிபவர்கள் காதினுள் கருவியை அணியக் கூடாது. அடைபட்ட காதில் ஈரம் தங்கி நோய் முற்றும், கருவியும் கெடும். முன்பு நலமாக இருந்த காதில் புதிதாக வலியோ சீழோ தோன்றினாலும் கருவியை உடனே நீக்கி, காது வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

அணியும் முறை

கருவியில் சிவப்புக் குறியிருந்தால் அது வலக் காதுக்குரியது. நீலக் குறி இடக் காதுக்குரியது. அணிவதற்குமுன் கைகளைக் கழுவி, நன்றாகத் துடைத்துக்கொள்ள வேண்டும். கட்டிலின் மீதோ, துணி விரித்த மேஜையின் முன்போ அமர்ந்து அணிந்தால், கருவி கை தவறி விழுந்தாலும் உடையாது.

கருவியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, அதன் குறுகிய முனையைச் செவித்துளையில் வைத்து, மெல்லத் திருப்பியவாறு உள்ளே செலுத்த வேண்டும். மற்றொரு கையால் காதுமடலை மேலும் பின்னுமாகச் சற்று இழுத்தால் செவித்துளை நேராகி வழிவிடும். நுழைக்கும்போது கருவி கீச்சிடுவது இயல்பே. சரியாகப் பொருந்தியதும் அது நின்றுவிடும். கழற்றுவதற்கென்று மெல்லிய இழை இருந்தால் அதைப் பிடித்தே எடுக்க வேண்டும். பாட்டரிக் கதவைப் பிடித்து இழுத்தால் அது முறிந்துவிடும்.

பழக்கப்படும் காலம்

பல ஆண்டுகள் அமைதியில் இருந்தவருக்கு முதல் நாள் எல்லாமே இரைச்சலாகத் தோன்றும். பாத்திரம் உருளும் ஓசையும், காகிதம் சலசலப்பதும், தமது காலடியோசையும் துன்புறுத்தும். தமது குரலே குடத்தினுள் பேசுவதுபோல ஒலிப்பதாகக் கூறுவர். பெரும்பாலானோர் கருவியைக் கைவிடுவது இக்கட்டத்திலேதான். இது சில வாரங்களில் பழகிவிடும் என்பதை முன்கூட்டியே எடுத்துச் சொல்ல வேண்டும். குடத்தொனி குறையாவிடில் கருவியிலுள்ள காற்றுத் துளையைத் திருத்தித் தருமாறு செவிப்புலன் நிபுணரைக் கேட்கலாம்.

முதற்சில நாட்கள், அமைதியான வீட்டில், ஒருவரோடு மட்டும் பேசும்போது ஓரிரு மணி நேரம் அணிந்தால் போதும். பின்னர் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, பலர் கூடிப் பேசும் இடங்களுக்கும், இறுதியாகக் கடைத்தெரு போன்ற இடங்களுக்கும் செல்லலாம். வீட்டாரும் ஒத்துழைக்க வேண்டும். முகத்தைப் பார்த்து, இயல்பான குரலில், சற்று நிதானமாகப் பேசினால் போதுமானது. கருவி அணிந்தவரிடம் கூச்சலிடுவது ஒலியைச் சிதைத்து, பேச்சை மேலும் விளங்காமற் செய்யும்.

பாட்டரி

இக்கருவிகள் பலவற்றில் துத்தநாக-காற்று பாட்டரி உபயோகமாகிறது. இதிலுள்ள துத்தநாகம் காற்றின் பிராணவாயுவோடு சேர்ந்து மின்சாரத்தை உண்டாக்குகிறது. அளவுகள் நிறத்தால் அறியப்படும்: 10-ஆம் எண்ணுக்கு மஞ்சள், 312-க்குப் பழுப்பு, 13-க்குக் கிச்சிலி, 675-க்கு நீலம். காதினுள் அணியும் கருவிகளில் முதல் மூன்றையே காணலாம்.

பாட்டரியின் மீது ஒட்டியுள்ள நிறத்தாளை உரித்ததும் காற்று உள்ளே புகத் தொடங்குகிறது. எனவே உரித்தபின் சில நிமிஷங்கள் வெளியே வைத்திருந்து, பிறகே கருவியில் இட வேண்டும். மறுபடி தாளை ஒட்டிவைப்பதால் ஆயுளைச் சேமிக்க இயலாது. ஆகையால் தேவைப்படும்போது மட்டுமே உரிக்க வேண்டும். மிகச் சிறிய பாட்டரி சில நாட்களும், அடுத்த அளவு சுமார் ஒரு வாரமும் உழைக்கும். உபயோகிக்கும் நேரத்தைப் பொறுத்து இது மாறும். புதிய பாட்டரி இட்ட தேதியை நாட்காட்டியில் குறித்து வந்தால், அடுத்தது எப்போது தேவைப்படும் என்பது தெரியவரும். பாட்டரியைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டியதில்லை.

பாட்டரிகள் குழந்தைகளுக்கு எட்டாதிருக்க வேண்டும். குழந்தை ஒன்றை விழுங்கிவிட்டாலோ, மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலோ, கைவைத்தியம் எதுவும் செய்யாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

சில புதிய கருவிகளில் மின்னேற்றம் செய்யக்கூடிய பாட்டரி உள்ளது. அவற்றை இரவுதோறும் அதற்குரிய பெட்டியில் வைத்து மின்னேற்ற வேண்டும்.

தினசரிப் பராமரிப்பு

கருவிக்கு இரண்டு பகைகள் உண்டு: ஒன்று குறும்பி, மற்றொன்று ஈரம்.

கழற்றியதும் கருவியை உலர்ந்த மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். இயன்றவரை குறும்பி உலர்ந்திருக்கும் காலை வேளையில், ஒலித்துளை கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்து, சிறு தூரிகையால் தட்டினால் துகள்கள் வெளியே உதிரும். துளை மேல்நோக்கியிருந்தால் அவை உள்ளேயே விழும். ஊசி, குண்டூசி, தீக்குச்சி முதலியவற்றைத் துளையில் நுழைக்கக் கூடாது. குறும்பித் தடுப்பு உள்ள கருவியில் அது அடைபட்டதும் புதிதாக மாற்ற வேண்டும். தண்ணீர், சாராயச் சத்து, எண்ணெய் ஆகியவை கருவியின் மீது படலாகாது.

குளிக்கும்போதும், உறங்கும்போதும், முடி வெட்டிக்கொள்ளும்போதும், எம்.ஆர்.ஐ. சோதனைக்குச் செல்லும்போதும் கருவியைக் கழற்றிவிட வேண்டும். தலைக்கு எண்ணெய் தடவுவதையும் முகத்திற்குப் பவுடர் பூசுவதையும் முடித்துக் கைகளைத் துடைத்தபின் கருவியை அணிவது நல்லது. காதில் எண்ணெய் விடும் வழக்கத்தை அறவே கைவிட வேண்டும்.

இரவில் கருவியின் பாட்டரிக் கதவைத் திறந்து, பாட்டரியை வெளியே எடுத்து, கருவியை ஈரமுறிஞ்சும் ஸிலிக்கா மணிகள் உள்ள மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். மழைக்காலத்திலும், கடற்கரை ஊர்களிலும், மிகுதியாக வியர்ப்பவர்களுக்கும் இது இன்றியமையாதது. பாட்டரியை அந்த டப்பாவில் வைத்தால் அது உலர்ந்து ஆயுள் குறையும். கருவி நனைந்துவிட்டால் பாட்டரியை நீக்கி, துடைத்து, ஒரு நாள் முழுவதும் அதே டப்பாவில் உலரவிட வேண்டும். அடுப்பருகிலோ வெயிலிலோ வைத்தால் கூடு உருக்குலையும். அரிசியில் புதைத்தால் மாவுத்தூசி துளைகளில் புகும்.

கோளாறு தோன்றினால்

ஒலியே வராவிடில், முதலில் புதிய பாட்டரி இட்டுப் பார்க்க வேண்டும். அதன் நேர்முனை உரிய பக்கம் இருக்கிறதா, கதவு முழுவதும் மூடியுள்ளதா என்று கவனிக்க வேண்டும். பிறகு ஒலித்துளையைச் சுத்தம் செய்ய வேண்டும். கருவியை இயங்கவிட்டு உள்ளங்கையில் மூடிப் பிடித்தால் பெரும்பாலும் கீச்சொலி எழும். எழுந்தால் கருவி உயிரோடிருக்கிறது என்பது பொருள்.

காதில் இருக்கும்போது ஓயாமல் கீச்சிட்டால், ஒலிப்பானிலிருந்து கசியும் ஒலி மீண்டும் ஒலிவாங்கியை அடைகிறது என்று அறியலாம். கருவி சரியாகப் பொருந்தாமை, செவித்துளையில் குறும்பி சேர்ந்திருத்தல், கூடு தளர்ந்திருத்தல் ஆகியவை இதற்குக் காரணங்கள். குறும்பியை வைத்தியரே அகற்ற வேண்டும். ஒலி விட்டு விட்டுக் கேட்டால் ஈரம் புகுந்திருக்கக்கூடும். இவ்வளவும் செய்தபின் குறை நீங்காவிடில், கருவியைத் திறந்து பார்க்காமல் செவிப்புலன் நிலையத்திற்கு அனுப்புவதே முறை. மைசூரில் 1965-இல் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனமும், மும்பையில் 1983-இல் நிறுவப்பட்ட அலி யாவர் ஜங் தேசிய நிறுவனமும் இத்துறையில் நிபுணர்களைப் பயிற்றுவித்து வருகின்றன.

பள்ளிக்கூடத்தில்

கருவி அணிந்த மாணவனை ஆசிரியர் தினமும் காலையில் ஒரு நிமிஷம் சோதிக்கலாம். மாணவனின் பின்னால் ஒரு மீட்டர் தொலைவில் நின்று, ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்னும் ஆறு ஒலிகளை முறை மாற்றி, இயல்பான குரலில் ஒவ்வொன்றாகக் கூற வேண்டும். கேட்டதை மாணவன் திருப்பிச் சொல்ல வேண்டும். தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதிவரை பேச்சொலிகளின் எல்லை முழுவதையும் இவ்வாறும் தழுவுகின்றன. ஒன்றும் கேட்காவிடில் பாட்டரியைப் பார்க்க வேண்டும். நேற்றுவரை கேட்ட ஷ், ஸ் ஆகியவை மட்டும் இன்று கேட்காவிடில் ஒலித்துளை அடைபட்டிருக்கலாம்.

திறந்த வெளியில் தொலைவு இரு மடங்காகும்போதெல்லாம் ஒலியின் அளவு 6 டெசிபல் குறைகிறது. ஒரு மீட்டர் தொலைவில் கேட்கும் குரல் நான்கு மீட்டரில் 12 டெசிபல் குறைந்துவிடும். மாணவனுக்கு அருகிலுள்ள மின்விசிறியின் இரைச்சலோ குறைவதில்லை. கருவி இரண்டையும் சேர்த்தே பெருக்குகிறது. வகுப்பறையின் சுவர்களும் ஒலியை எதிரொலித்துக் குழப்புகின்றன. ஆதலால் அம்மாணவனை முன்வரிசையில், ஜன்னலுக்கும் வாயிலுக்கும் அப்பால் அமர்த்த வேண்டும். கரும்பலகையை நோக்கியவாறு பேசுவதை ஆசிரியர் தவிர்க்க வேண்டும். கருவி எவ்வாறு வேலை செய்கிறது என்பதை வகுப்பு முழுவதற்கும் ஒரு பாடமாக விளக்கிவிட்டால், பரிகாசம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கள ஊழியரின் பணி

கருவி பெற்றவரின் வீட்டிற்கு முதல் வாரத்திலும், முதல் மாத முடிவிலும், அதன்பின் மழைக்காலத் தொடக்கத்திலும் ஒருமுறை சென்று வருவது மிகுந்த பயன் தரும். அப்போது கேட்க வேண்டியது, “கருவி இருக்கிறதா?” என்பதன்று, “நேற்று எத்தனை மணி நேரம் அணிந்தீர்கள்?” என்பதே. கருவியைத் தாமே மாட்டவும் கழற்றவும் அவரைச் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். வீட்டில் பிள்ளையோ, மருமகளோ, பேரக்குழந்தையோ ஒருவர் பாட்டரி மாற்றவும் சுத்தம் செய்யவும் அறிந்திருத்தல் அவசியம். அருகில் எந்தக் கடையில் உரிய பாட்டரி கிடைக்கும் என்பதை ஊழியர் விசாரித்து, அதன் எண்ணையும் நிறத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால், தீர்ந்த பாட்டரியோடு கருவி அலமாரிக்குப் போவதைத் தடுக்கலாம்.