நிலவறையில் எஞ்சும் கதை: ‘ஸ்கைரிம்’ விளையாட்டில் சூழல்வழிக் கதைசொல்லல்

கணினிவழிப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் ‘டஞ்சன்’ எனப்படும் நிலவறை, தொடக்கத்தில் பகைவரையும் புதையலையும் உள்ளடக்கிய இடமாகவே அமைந்தது. திறந்த உலக விளையாட்டுகளில் அதற்கு மற்றொரு பணியும் சேர்ந்தது. ஆட்டக்காரர் விரும்பிய திசையில் விரும்பிய நேரத்தில் செல்லலாம் என்பதால், கதையை நிரல்படச் சொல்லும் வாய்ப்பு ஆக்குநருக்குக் குறைகிறது. ஆகவே கதையின் ஒரு பகுதி இடத்தின் பொறுப்பாகிறது. இவ்வுத்தியைச் சூழல்வழிக் கதைசொல்லல் என்பர். கேளிக்கைப் பூங்கா வடிவமைப்பில் பயின்ற டான் கார்சன் 2000இல் இதுகுறித்து எழுதினார். ஹென்றி ஜென்கின்ஸ் 2004இல் வெளியான தம் கட்டுரையில், இடத்தில் முன்கூட்டியே பதித்து வைக்கப்படும் கதையைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார்.

பெதஸ்டா நிறுவனத்தின் ‘ஸ்கைரிம்’ (2011) இதற்குத் தக்க சான்று. அதன் நிலவறைகள் ஒவ்வொன்றும் புதிதாகச் செதுக்கப்பட்டவை அல்ல. சுவர், தூண், படிக்கட்டு, வளைவு ஆகியன மறுபயன்பாட்டு உறுப்புகளாக ஆக்கப்பட்டு, வெவ்வேறு வகையில் இணைக்கப்பட்டன. சிறு குழுவொன்று பரந்த உலகை நிரப்ப இதுவே வழி. ஆனால் ஒரே சுவரைப் பலமுறை கண்ட ஆட்டக்காரருக்கு அச்சுவர் எதையும் சொல்வதில்லை. எனவே கதைச்சுமை, சுவர்களிடையே வைக்கப்படும் சிறு பொருள்களின்மீது விழுகிறது. கவிழ்ந்த நாற்காலி, உணவு மேசை, பாதையில் கிடக்கும் உடல் ஆகியவையே ஓர் இடத்தை மற்றோர் இடத்தினின்று வேறுபடுத்துகின்றன.

வடகடலோரத்தில் உள்ள ‘ஃப்ராஸ்ட்ஃப்ளோ’ கலங்கரை விளக்கத்தைக் காண்க. ஹாம்மர்ஃபெல் நாட்டினின்று குடிபெயர்ந்த ஹாப்த், கடலின்மீது கொண்ட பற்றால் மனைவி ரமாத்தியுடனும் மக்கள் இருவருடனும் அங்குக் குடியேறியவன். ஆட்டக்காரர் உள்ளே நுழைந்ததும் காண்பது ரமாத்தியின் உடல். அறைகளில் குடும்பத்தாரின் நாட்குறிப்புகள் கிடக்கின்றன; அவற்றில் இடம்பெயர்வின் மனக்குறையும் நிலவறையில் கேட்ட ஓசையும் பதிவாகியுள்ளன. கீழே இறங்கினால், வீட்டின் நிலவறை பனிக்குகைகளோடு இணைகிறது. அங்கு வாழும் ஃபால்மர் என்னும் பார்வையற்ற இனத்தாரே கொலையாளிகள். மகளின் இறுதிக் குறிப்பும் அக்குகையிலேயே கிட்டுகிறது. ஆக, விளைவு முதலிலும் காரணம் பின்னரும் தெரியவருகின்றன. ஆட்டக்காரர் இறங்கும் ஒவ்வொரு படியும் நிகழ்ச்சியின் மூலத்தை நோக்கிய பின்னகர்வாகிறது. ஆழத்தைக் காலமாக மாற்றும் இவ்வமைப்பே இந்நிலவறையின் சிறப்பு.

இங்கு ஒரு தடை எழலாம்: நாட்குறிப்புகளே அனைத்தையும் சொல்லிவிடின், சூழல் சொல்வது யாது? தடையில் நியாயம் உண்டு. ‘ஸ்கைரிம்’ நிலவறைகள் பலவற்றில் பிணத்தருகே கிடக்கும் கடிதம், ஆக்குநரின் சோம்பலுக்கு மறைப்பாகவே நிற்கிறது. ஃப்ராஸ்ட்ஃப்ளோவில் எழுத்து அவ்வாறு தன்னளவில் முடிந்துவிடுவதில்லை. ஹாப்தின் எச்சம் குகையின் ஆழத்தில், அவனைத் தின்ற பெரும்பூச்சியின் உடலினின்று கிடைக்கிறது. இறந்தபின் கலங்கரை விளக்கின் தீயில் தன் எச்சம் சேர வேண்டும் என்பது அவன் எழுதிவைத்த விருப்பம். ஆட்டக்காரர் மீண்டும் உச்சிக்கு ஏறி அதைத் தீயில் இட்டால், உடல்நலம் மீட்கும் மந்திரங்களின் ஆற்றல் அவருக்குச் சிறிது கூடுகிறது. இச்செயலில் எழுத்தும் இடமும் ஆட்டமும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன. அக்குறிப்பைப் படியாதவர் கையில் அவ்வெச்சம், பையிலுள்ள மற்றொரு பொருள் மட்டுமே.