கிராம்பு போதுமா?

கடை ஊழியர் கிராம்பு டப்பாவைத் திறந்தால் பல்வலி என்று அர்த்தம். கிராம்பிலுள்ள யூஜினால் வலிக்கும் இடத்தை மரத்துப்போகச் செய்யும், சொத்தையை நிறுத்தாது. வலி அடங்கியதும் அவரும் மறப்பார், நாமும் மறப்போம். பிறகு தீபாவளிச் சரக்கு இறங்கும் வாரத்தில் கன்னம் வீங்கிப் படுத்துவிடுவார்.

இதில் நாம் வாங்கித் தரும் டீக்கும் பங்குண்டு. ஒவ்வொரு முறை சர்க்கரை பட்டதும் வாயிலுள்ள கிருமிகள் அமிலத்தை உண்டாக்கி, சுமார் அரை மணி நேரம் பல்லை அரிக்கின்றன. நாளைக்கு 5 டீ என்றால் கணக்கு நமக்குத் தெரியாததா? டீயை நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. குடித்தபின் வாய் கொப்பளிக்கவாவது சொல்லலாம்.

சிறு சொத்தையைப் பெரும்பாலும் ஒரே நாளில் அடைத்துவிடலாம். வேரைத் தொட்டுவிட்டால் பலமுறை அலைச்சல். ஆகவே, ஆடியில் வியாபாரம் மந்தமாக இருக்கும்போதே ஆளுக்கு அரை நாள் சம்பளத்தோடு லீவு கொடுத்து, அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு அனுப்பி வைப்போம்.